மீசான் கட்டை

உம்மம்மாவின் கபுறை மூடி முடித்ததும், கபுறு வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, “மீசான எடுங்க தம்பி” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். 2006 ஓகஸ்டில் சண்டைக்குப் பயந்து கந்தளாய்க்கு ஓடி, பிறகு மூதூருக்குத் திரும்பிவந்த மூன்றாம் வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. சந்தூக்கின் பக்கத்தில் கிடந்த இரண்டு முதிரைப் பலகைகளைக் காக்கா காட்டினார். ஒரு முழ நீளம். மேல்முனையை வட்டமாக இழைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் நட்டு மண்ணை மிதித்து இறுக்கினார்கள். லெப்பை தல்கீன் ஓத உட்கார்ந்தார்.

நான் குழம்பிப்போய் நின்றேன். ஓதப்பள்ளியில் அந்த மாதம்தான் மறுமை நாள் பாடம் நடந்தது. மஹ்ஷர் வெளியில் எல்லோரும் எழுப்பப்படுவார்கள், செய்ததெல்லாம் எழுதிய ஏடு கையில் கொடுக்கப்படும், பிறகு மீசான் வைக்கப்படும். மீசான் என்றால் தராசு. நன்மை ஒரு தட்டில், தீமை மறு தட்டில் என்று உஸ்தாது இரண்டு கைகளையும் ஏந்தி, ஏற்றி இறக்கிக் காட்டியிருந்தார். அந்தத் தராசையா உம்மம்மாவின் தலைமாட்டில் இப்போதே நட்டுவிட்டார்கள்? வரும் வழியில் வாப்பாவிடம் கேட்டேன். “அதுக்குப் பேர் அதுதான் மகன்” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அரபியில் ‘வஸன’ என்றால் நிறுத்தான். ‘வஸ்ன்’ நிறை. நிறுக்கும் கருவிக்கு இலக்கணப்படி ‘மிவ்ஸான்’ என்று பெயர் வரவேண்டும். இகரத்துக்குப் பின் வந்த வகரம் கரைந்து ‘மீஸான்’ ஆயிற்று. எபிரேயத்தில் தராசுக்கு ‘மோஸ்நயிம்’ என்பார்கள். ஒரே குடும்பத்துச் சொல். வானத்தின் துலாம் இராசிக்கும் அரபியில் மீஸான் என்றே பெயர். குர்ஆனில் இச்சொல் வானத்திலும் இருக்கிறது, கடைத்தெருவிலும் இருக்கிறது. 55ஆம் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்திய இறைவன் மீஸானை நிறுவியதாகவும், நிறுவையில் வரம்பு மீற வேண்டாமென்று மனிதரை எச்சரிப்பதாகவும் வருகிறது. 21ஆம் அத்தியாயத்தில், கடுகின் வித்தளவு செயலும் தீர்ப்பு நாளில் நிறுவைக்குக் கொண்டுவரப்படும். அளவில் மோசடி செய்கிறவர்களின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு, 83ஆவது. சார்ள்ஸ் டொரி என்ற அமெரிக்க அறிஞர் 1892இல் வெளியிட்ட நூல் முழுவதும் இதைப் பற்றியதுதான்: கணக்கு, கூலி, நட்டம், நிறை, கடன் என்று வணிகர் வாயில் புழங்கிய சொற்களே குர்ஆனில் மறுமையைப் பேசும் சொற்களாக இருக்கின்றன. துறைமுகத்து மனிதனான எனக்கு இது வியப்பில்லை. எங்கள் ஊரிலும் கபுறு விசாரணைக்குப் பெயர் ‘கேள்வி கணக்கு’.

உஸ்தாது மீசானுக்குப் பொருளாகச் சொன்ன தராசும் கப்பலில் வந்ததுதான். பாரசீகத்தின் ‘தராஸூ’ அது. கோல் என்றும் நிறைகோல் என்றும் தமிழில் முன்பே சொற்கள் இருக்க, கடையில் புழங்கப் புழங்கத் தராசு நிலைத்துவிட்டது. ஒரு கப்பலில் வந்த சொல்லுக்கு இன்னொரு கப்பலில் வந்த சொல்லால் பொருள் சொல்லி, அதைத் தமிழென்றே நினைத்து வளர்ந்திருக்கிறோம்.

தராசு எப்படிக் கபுறடிக்கு வந்தது? அரபு நாட்டில் கபுறுக் கல்லை மீஸான் என்று அழைப்பதில்லை. அங்கே அது ‘ஷாஹித்’, சாட்சி. ஆனால் கேரளத்து முஸ்லிம்கள் ‘மீஸான் கல்லு’ என்கிறார்கள். தென் தமிழ்நாட்டிலும் மீசான் கல். கிழக்கிலங்கையில் மரத்தில் செய்வது வழக்கம் என்பதால் மீசான் கட்டை. அரபியில் இல்லாத இந்தப் பொருள் வங்காள விரிகுடாவுக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட கரையில் மட்டும் ஊன்றியிருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மலாய் அகராதியைப் புரட்டியபோதுதான் எனக்கு இன்னொரு வாசல் திறந்தது. மலாயில் கபுறுக் கல் ‘பத்து நீசான்’. பத்து என்றால் கல். நீசான் பாரசீகத்தின் ‘நிஷான்’, அதாவது அடையாளம். இதே சொல் மலாயில் ‘மேசான்’ என்றும் ஒலிக்கிறது, ஜாவாவில் ‘மஏசான்’. நகரம் மகரமாகி நிற்கிறது. மீசானுக்கும் மேசானுக்கும் எவ்வளவு தூரம்?

நிஷான் தமிழுக்கும் அந்நியமில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் உறுதியில் ஒரு கீறல் கீறுவார். எழுதுகிறவர் அதன் பக்கத்தில் ‘இன்னார் நிசானி’ என்று குறிப்பார். வாப்பாவின் வாப்பா விட்டுச்சென்ற பழைய காணி உறுதியில் அப்படி ஒரு சிலுவைக் கீறலை நானே பார்த்திருக்கிறேன். மசி பரவி, பெருக்கல் குறிபோல் சாய்ந்த இரண்டு கோடுகள். பாரசீகம் இத்தீவின் துறைகளில் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தது என்பதற்குக் காலியில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு சாட்சி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நட்ட அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மலாய்ச் சிப்பாய்கள் இங்கே கோட்டைக் காவலுக்கு வந்தார்கள். அவர்களின் ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. ஊரோடு ஊராகக் கலந்தவர்கள் இங்கேயே மௌத்தாகி இங்கேயே அடங்கியிருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தும் தன் பங்குக்குக் கைகொடுத்திருக்கிறது. அரபு எழுத்தில் நிஷானின் ஒலி வேறு, மீஸானின் ஒலி வேறு. நம் சகர எழுத்து இரண்டையும் ஒரே பாயில் படுக்க வைக்கும். ‘மீசான்’ என்று எழுதிவிட்டால் எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்க வழியில்லை. என் துணிபைச் சொல்கிறேன்: அடையாளக் கல் என்ற பொருளைக் கொண்டுவந்தது நிஷான். அதன் பெயர் தேய்ந்து திரிந்து வந்தபோது, ஓதப்பள்ளியில் மீஸானைக் கேட்டுப் பழகிய காது அதைத் தராசாகவே கேட்டது. கபுறின் இரு முனையில் நிற்கும் இரண்டு கட்டை தராசின் இரண்டு தட்டாகத் தோன்றுவது இயல்பு. இன்று எங்களூரில் யாரைக் கேட்டாலும், “நாளைக்கு நிறுக்கிறதுக்கு அடையாளமா வெக்கிறது” என்பார்கள். தராசும் அடையாளமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே சேர்ந்துவிடுகின்றன. பிழையாகக் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சமூகம் தன் மௌத்தைப் பற்றி என்ன நம்புகிறதோ அதற்கேற்ப ஒரு சொல்லைத் திருத்திக் கேட்டிருக்கிறது.

மையவாடி என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘மையித்து’ அரபு. ‘வாடி’ எங்கள் கரைச் சொல். மீன் பருவத்துக்கு வந்து தங்குகிறவர்கள் கடற்கரையில் அடிக்கும் கொட்டில். பருவம் முடிந்தால் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டும் சேர்ந்த சொல்லாகவே நான் மையவாடியைக் கேட்கிறேன். மௌத்துக்கும் எழுப்பப்படும் நாளுக்கும் இடைப்பட்ட தங்கலை அரபியில் ‘பர்ஸக்’ என்பார்கள். தடுப்பு, இடைவெளி என்று பொருள். எங்களுக்கு அது வாடி. முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள் வந்து கேள்வி கேட்கும் இடம் அது. அதனால்தான் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டுமென்று அறிவித்தபோது இந்த மாவட்டத்து வீடுகளில் நோயைவிடப் பெரிய பயம் குடிபுகுந்தது. 2021 பெப்ரவரி 25இல் அந்த விதி மாற, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில், “மௌத்து வந்தா அல்லாஹ்ட நாட்டம். ஆனா எனக்கு ஒரு கபுறு வேணும்” என்று வயதானவர்கள் பிள்ளைகளிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஒன்றை முழுதாக ஒப்புக்கொண்டு, இன்னொன்றுக்காகப் போராடினார்கள்.

மீசானின் கடினமான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தால், பிறகு எதை நிறுப்பது?

எழுதப்பட்டது என்பதற்கு எங்கள் பேச்சில் ‘களா கத்ர்’ என்று பெயர். ஈமானின் ஆறு கடமைகளில் கடைசி, நன்மையும் தீமையும் கத்ரின்படியே என்று நம்புவது. தமிழில் விதி, ஊழ், தலையெழுத்து என்று சொற்கள் இருந்தும் இந்த இரண்டு அரபுச் சொற்களைத்தான் முன்னோர் வைத்துக்கொண்டார்கள். வேறு இடங்களில் அவர்கள் இவ்வளவு கண்டிப்பில்லை. ஆகிராவுக்கு மறுமை என்ற பழந்தமிழ்ச் சொல்லையே எடுத்தார்கள். சொர்க்கமும் நரகமும் அப்படியே வந்தன. விதியில் மட்டும் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஊழ் முன்வினையிலிருந்து முளைப்பது. போன பிறவியின் கணக்கு. ஒரே பிறவியை நம்புகிறவருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

களாவின் வேர் ‘கழா’: முடித்தல், தீர்த்தல், தீர்ப்பளித்தல். அரபியின் அந்தக் கனத்த டகர ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரமாகவோ ழகரமாகவோ மாற்றிக்கொள்வார்கள். பர்ளு, வுளு, ரமழான் எல்லாம் அப்படி வந்தவை. தீர்ப்பளிப்பவர் காழி. அதே சொல் வேறு வாசலால் வந்து ‘காதி நீதிமன்றம்’ ஆயிற்று. ஆனால் எங்கள் வீடுகளில் களா என்ற சொல் அதிகம் கேட்பது வேறோர் இடத்தில். “சுபஹு களாவாயிட்டு” என்பார்கள். நேரம் தவறிப்போன தொழுகை களா. அதைப் பிறகு தொழுது தீர்ப்பதும் களா. இறைவன் தீர்த்துவைத்ததும் மனிதன் தீர்க்கவேண்டிய கடனும் எங்கள் வாயில் ஒரே சொல்.

கத்ரின் வேரோ இன்னும் நேரானது: அளவு. ‘கத்ர்’ அளவு, ‘கதர’ அளந்தான், ஆற்றல் பெற்றான். சமையல் பானைக்குக்கூட ‘கித்ர்’ என்று அதே மூன்றெழுத்தில் பெயர் உண்டு. 54ஆம் அத்தியாயம் எல்லாப் பொருளும் ஓர் அளவின்படி படைக்கப்பட்டதாகச் சொல்லும்போது வரும் சொல் இதுதான். ஆக, முன்னால் நிற்கும் கத்ரும் அளவு, முடிவில் நிற்கும் மீசானும் அளவு. இடையில் மனிதன் என்ன செய்கிறான் என்பதுதான் வழக்கு.

அந்த வழக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே பஸ்ராவில் எழுந்தது. மனிதன் தன் செயலுக்குத் தானே ஆற்றல் உடையவன் என்று மஃபத் அல்ஜுஹனி பேசினார். அந்தக் கூட்டத்துக்குக் ‘கதரிய்யா’ என்று பெயர் விழுந்தது. கத்ரை மறுத்தவர்களுக்கே கத்ரின் பெயர். காற்றில் பறக்கும் சருகுபோல மனிதனுக்கு எந்த விருப்பமும் இல்லை என்றவர்கள் ‘ஜப்ரிய்யா’, நிர்ப்பந்தக்காரர். இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர், பஸ்ராவில் பிறந்து பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் மறைந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரி. ஷாஃபி வழியில் தொழும் எங்கள் ஊர்கள் கொள்கையில் அவரையே பின்பற்றுகின்றன. செயலைப் படைப்பவன் இறைவன். அதைத் தன்னுடையதாக்கிக்கொள்பவன் மனிதன் என்றார் அவர். அப்படி ஆக்கிக்கொள்வதற்கு அவர் ஆண்ட சொல் ‘கஸ்ப்’. சம்பாதித்தல்! மறுபடியும் கடைத்தெருச் சொல்.

கஸ்பை நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும்; படித்து முடித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு யாழ்ப்பாணத்து வழக்கறிஞரின் பேச்சில், வேறு ஏதோ காணி வழக்கில். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, ஒருவருக்கு வழிவழியாக வந்ததை முதுசம் என்றும் அவர் காலத்தில் சேர்த்ததைத் தேடியதேட்டம் என்றும் பிரிக்கிறது. அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குரியதல்ல, ஆனால் தேட்டம் என்ற சொல் எல்லோருக்கும் உரியது. எங்கள் கிழவிகள், “நன்மையத் தேடிக்கொள்ளுங்க, பாவத்தத் தேடிக்கொள்ளாதீங்க” என்றுதான் சொல்வார்கள். காசுக்கும் அதே தேடல். காணி யார் படைத்தது என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்க, அதில் எனக்கு எழுதப்பட்ட பங்கு எது, நான் தேடிய பங்கு எது என்று கேட்கிறோம் அல்லவா? அஷ்அரியின் கஸ்புக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் இல்லை என்பேன். மீசானில் ஏறுவது தேட்டம்.

2020இல் பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தபோது மௌலவிமார் கைபேசிப் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கதை உண்டு. கலீபா உமர் சிரியா நோக்கிப் போகும்போது அங்கே அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர் திரும்ப முடிவெடுத்தார். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்டார். ஆம், ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கு ஓடுகிறோம் என்ற கருத்தில் உமர் விடை சொன்னார். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் இறைவனின் அளவுக்குள்தான் மேய்க்கிறாய் என்று உவமையும் காட்டினார். மேய்ப்பவன் பசுமைப் பக்கம் நடக்கவேண்டும். அது அவன் வேலை.

கிண்ணியாவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குத்தான் ‘பாதை’ என்று பெயர். மிதவை மேல் பலகை பரப்பி, ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் கலத்தைக் கிழக்குக் கரையில் பாதை என்போம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பெரிய துறையிலும் பாதைதான் ஓடியது. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதில் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் மறுபடி பாதையில் ஏறினார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள்.

அன்று மாலை நான் கிண்ணியாவில் இருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் சிறிய சந்தூக்கு. மரநிழலில் நனைந்த புத்தகப் பை ஒன்றை யாரோ தொங்கவிட்டிருந்தார்கள். அதன் அடியில் நீர் சொட்டி மண்ணில் குழி விழுந்திருந்தது. பிள்ளையின் வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், “களா கத்ர் மகன், பொறுத்துக்கொள்ளுங்க” என்றார். அவரே வாசலுக்கு வந்ததும் குரல் மாறியது. “இத்தின பேர ஏத்தலாமா அதுல? எத்தினய அது தாங்கும் என்டு ஒருத்தரும் அளந்து பாக்கல்லியா?” ஊரே தெருவில் நின்று அதைக் கேட்டது.

முற்றத்தில் அவர் சொன்னதும் வாசலில் அவர் கேட்டதும் முரண் என்று அன்று சிலர் எழுதினார்கள். கத்ரின் வேரைத் தெரிந்தவர் அப்படி எழுதமாட்டார். இரண்டு இடத்திலும் அவர் பேசியது அளவைப் பற்றித்தான். முடிந்துபோன உயிரின் அளவு இறைவனிடம். ஒரு மிதவை எத்தனை பேரைத் தாங்கும் என்ற அளவு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 55ஆம் அத்தியாயம் வரம்பு மீறவேண்டாமென்று எச்சரித்தது இந்த நிறுவையையும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். களா கத்ர் என்பது இழந்தவரிடம், நடந்து முடிந்ததைப் பற்றி, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லும் சொல். பொறுப்பிலிருந்தவர் தன்னைக் காத்துக்கொள்ள அதை எடுத்தால் அது திருட்டு.

தொழுகை தோறும் பாத்திஹாவில் நேர்வழி கேட்கும்போது நாங்கள் சொல்லும் ‘ஸிராத்’ இலத்தீனின் ‘ஸ்த்ராத்தா’. கல் பாவிய ரோம வீதி. அது கிரேக்கமும் அறமேயமும் கடந்து அரபிக்கு வந்தது. நரகத்தின் மேல் மயிரினும் மெல்லியதாகக் கிடந்து, எல்லோரும் கடந்தாக வேண்டிய ஸிராத்துப் பாலமும் அதே சொல்தான். பாதை, பாலம், வீதி மூன்றும் ஒரு சொல்லுக்குள். அன்றைக்குப் பிறகு அந்த வசனம் வரும்போதெல்லாம் என் கண்ணில் குறிஞ்சாக்கேணித் தண்ணீர் நிற்கிறது.

உம்மம்மாவின் கட்டைகள் இப்போது இல்லை. முதிரை நீண்டு உழைக்கும் என்பார்கள், இருந்தும் கால்மாட்டுப் பலகையைக் கறையான் தின்றுவிட்டது. தலைமாட்டுப் பலகை ஒரு மாரியில் சாய்ந்தது. கபுறு இருக்கும் இடத்தைப் பக்கத்து வேம்பை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்.

அவரிடம் இரண்டு தகர டின்கள் இருந்தன. இளவயதில் பிள்ளைப்பேறும் வீட்டு வேலையும் என்று விட்டுப்போன தொழுகைகளை, “ரெண்டு வருசத்துக்குக் கூட வரும்” என்று தாமே கணக்கிட்டு, ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தார். கந்தளாயில் கூடாரத்தில் இருந்த காலத்திலும் அந்த டின் கூடவே வந்தது. ஒவ்வொரு வக்தும் தொழுதபின் இன்னொரு முறை எழுந்து ஒரு களா தொழுவார். சலாம் கொடுத்ததும் ஒரு கொட்டையை எடுத்து மற்ற டின்னில் போடுவார். டங் என்று ஓசை வரும். டின் நிறைய நிறைய ஓசை மங்கியது. கால் வீங்கியபின் கதிரையில் உட்கார்ந்து தொழுதார். “மௌத்து எழுதின நேரத்துலதான் வரும் உம்மா, அவசரப்படாதீங்க” என்று மாமா ஒருநாள் சொன்னதற்கு, “அது அவன்ட கணக்கு. இது என்ட” என்றார்.

மௌத்தான அன்று இஷா தொழுதிருந்தார். அதன்பின் ஒரு களாவையும் தொழுதாரா என்று யாருக்கும் தெரியாது. தொழுகைப் பாயின் ஓரத்தில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. எந்த டின்னில் போடுவது என்று உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.